பாருல் பர்மார் - அரைக் கோர்ட்டு சாம்பியன்

டோக்கியோவில் 2021 செப்டம்பர் 4-ஆம் தேதி பிரமோத் பகத் தங்கம் வாங்கியது நிறையப் பேருக்கு ஞாபகம் இருக்கும். பிரிட்டனின் டேனியல் பெத்தெலை 21-14, 21-17 என்று நேர் செட்டில் அடித்தார். பாராலிம்பிக்ஸில் பேட்மிண்டனைச் சேர்த்ததே அந்த முறைதான். அதனால் இந்த ஆட்டத்தில் இந்தியாவின் முதல் பாராலிம்பிக் தங்கம் அது. அதே பிரிவில் மனோஜ் சர்க்காருக்கு வெண்கலம். மறுநாள் கிருஷ்ணா நாகர் தங்கம், சுஹாஸ் யதிராஜ் வெள்ளி. ஆக மொத்தம் நாலு பதக்கம். டிவி, பேப்பர், வாட்ஸப் என்று எல்லா இடத்திலும் கொண்டாட்டம். ஒடிசா அரசு பிரமோத்துக்கு 6 கோடி ரூபாய் அறிவித்தது. அந்த வருடமே பிரமோத்துக்கும் கிருஷ்ணா நாகருக்கும் கேல் ரத்னா கொடுத்தார்கள்.

நல்ல விஷயம்தான், யார் வேண்டாம்னது? ஆனா ஒண்ணு கவனிச்சீங்களா, நாலு பேருமே ஆண்கள். சரி, நம்ம பொண்ணுங்க இன்னும் அந்த லெவலுக்கு வரலை போலன்னு நினைச்சுக்கிட்டு அடுத்த செய்திக்குப் போயிருப்போம். விஷயம் அங்கேதான் இருக்கு.

பிரமோத் ஆடிய பிரிவின் பெயர் எஸ்எல்3. அதே எஸ்எல்3 பிரிவில் பெண்கள் ஒற்றையர் உலகப் பட்டம் 2015, 2017, 2019 என்று தொடர்ந்து மூன்று தடவையும் இந்தியாவுக்குத்தான் வந்திருந்தது. முதல் ரெண்டு தடவை பாருல் பர்மார். மூன்றாவது தடவை மானசி ஜோஷி. டோக்கியோவுக்கு முன்னால் நடந்த கடைசி மூன்று உலகப் போட்டிகள் இவை. மூன்றிலும் ஜெயித்த நாட்டுக்கு டோக்கியோவில் அந்தப் பிரிவில் ஒரு பதக்கம்கூட வரவில்லையே, எப்படி?

ரொம்ப சிம்பிள். டோக்கியோவில் பெண்களுக்கு எஸ்எல்3 ஒற்றையர் என்ற போட்டியே வைக்கவில்லை.

மானசி ஜோஷியைப் பற்றி ஓரளவு எல்லோருக்கும் தெரியும். பாருல் பர்மாரைப் பற்றித் தமிழில் தேடினால் அவ்வளவாகச் சிக்குவதில்லை. அதனால் இந்தப் பதிவு அவருக்கு.

முதலில் இந்த எஸ்எல்3 என்றால் என்ன என்று பார்த்துவிடலாம். கொஞ்சம் டெக்னிக்கலா இருக்கும், பொறுத்துக்குங்க. இது புரியலைன்னா மிச்சக் கதையே புரியாது.

(அதுக்கும் முன்னாடி ஒரு சின்ன விஷயம். பழைய ஆட்கள் கிட்ட பேட்மிண்டன்னு சொன்னா பூப்பந்தைத்தான் நினைப்பாங்க, நூல் உருண்டை மாதிரி மஞ்சப் பந்தை வச்சு ஆடறது. இது அதில்லை. இறகுப்பந்து, அதாவது நம்ம ஷட்டில்.)

பாரா பேட்மிண்டனில் மொத்தம் ஆறு பிரிவுகள். சக்கர நாற்காலியில் ஆடுகிறவர்களுக்கு ரெண்டு. கையில் குறைபாடு உள்ளவர்களுக்கு எஸ்யு5. உயரம் குறைந்தவர்களுக்கு எஸ்ஹெச்6. நின்று ஆடுகிறவர்களில் காலில் குறைபாடு உள்ளவர்களுக்கு எஸ்எல்3, எஸ்எல்4 என்று ரெண்டு. இந்த ரெண்டில் பாதிப்பு அதிகம் உள்ளவர்கள் எஸ்எல்3, குறைவாக உள்ளவர்கள் எஸ்எல்4. போலியோவில் கால் சூம்பியவர்கள், செயற்கைக் கால் பொருத்தியவர்கள் என்று எஸ்எல்3-ல் பலவகையான ஆட்கள் இருப்பார்கள்.

ரெண்டுக்கும் உள்ள பெரிய வித்தியாசம் கோர்ட்டில் இருக்கிறது. எஸ்எல்4 ஒற்றையருக்கு முழுக் கோர்ட்டு. எஸ்எல்3 ஒற்றையருக்குப் பாதிக் கோர்ட்டு. பாதி என்றால் நீளத்தில் பாதி இல்லை, அகலத்தில் பாதி. காலையில் இன்டோர் ஸ்டேடியத்தில் கூட்டம் அதிகமானால் ஒரே கோர்ட்டை நடுக்கோட்டில் பிரித்து ரெண்டு ஜோடி பக்கத்தில் பக்கத்தில் ஆடுவார்களே, அதே மாதிரி.

பார்க்க ஈஸியா தெரியும், ஆனா ஈஸி இல்லை. முழுக் கோர்ட்டில் பந்தை மூலைக்கு மூலை அடித்து எதிராளியைக் குறுக்கே ஓடவிட்டுப் பாயிண்ட் எடுக்கலாம். பாதிக் கோர்ட்டில் குறுக்கே என்பதே கிடையாது. ரெண்டு வீட்டுக்கு நடுவுல இருக்கிற சந்து மாதிரி ஒரு இடம். முன்னாடி, பின்னாடி, அவ்வளவுதான். நெட்டுக்குப் பக்கத்தில் ஒரு டிராப், அப்புறம் தலைக்கு மேலே பின்கோட்டுக்கு ஒரு லிஃப்ட், மறுபடி டிராப். எதிராளி எப்படியும் எட்டிவிடும் தூரத்தில்தான் இருப்பார். அதனால் ரேலிகள் நீளும். வேகத்தை விட ஏமாற்று வேலை முக்கியம். ராக்கெட்டைக் கடைசி நொடியில் திருப்பி, டிராப் போடற மாதிரி காட்டி லிஃப்ட் பண்றது, லிஃப்ட் பண்ற மாதிரி காட்டி டிராப் போடறது. பின்னால் போவதுதான் சரியாக ஊன்ற முடியாத காலுக்குக் கஷ்டமான வேலை. ஒருத்தர் எப்போ தடுமாறுவார் என்று இன்னொருத்தர் காத்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒருவகையில் சதுரங்கம் மாதிரி, என்ன, மூச்சு வாங்கும் :-)

பாருல் பர்மார் இந்தச் சந்துக்குள் பல வருடம் ராஜ்யம் நடத்தியவர்.

1973 மார்ச் 20-ல் குஜராத்தின் காந்திநகரில் பிறந்தவர். மூன்று வயதில் போலியோ. நம்ம ஊரில் இளம்பிள்ளை வாதம் என்போமே, அதுதான். அதே வருடம் ஊஞ்சலில் இருந்து விழுந்து கழுத்தெலும்பும் வலது காலும் வேறு முறிந்தது. ஆறுவதற்கு ரொம்ப நாள் பிடித்தது. காலுக்கு வேலை கொடுக்கணும், ஓடியாடி விளையாட விடுங்கள் என்று டாக்டர்கள் சொல்ல, அப்பா தன்னுடன் ஜிம்கானாவுக்கு அழைத்துப் போக ஆரம்பித்தார். அப்பா மாநில அளவில் பேட்மிண்டன் ஆடியவர். அவர் ஆடும்போது பொண்ணு வேடிக்கை பார்ப்பாள். அப்புறம் தெருப் பிள்ளைகளோடு தானும் ஆட ஆரம்பித்தாள். உள்ளூர்ப் பயிற்சியாளர் ஒருவர் கண்ணில் பட்டு முறையான பயிற்சி தொடங்கியது. பதக்கத்துக்காக ஆரம்பிச்ச ஆட்டமே இல்லை, வைத்தியமா ஆரம்பிச்சது.

கால் சரியில்லாத பெண் குழந்தையை அந்தக் காலத்தில் வீட்டுக்குள் உட்கார வைத்த குடும்பங்கள்தான் அதிகம். இந்த அப்பா அழைத்துப் போனார். இந்தக் கதையில் எனக்கு ரொம்பப் பிடித்த ஆள் அவர்தான்.

பாருல் ஆடவந்த காலத்தில் பாரா பேட்மிண்டனுக்குப் பாராலிம்பிக்ஸ் என்ற கனவே கிடையாது. உலகப் போட்டி 1998-ல்தான் முதன்முதலாக நெதர்லாந்தில் நடந்தது. அப்புறம் ஏறக்குறைய ரெண்டு வருடத்துக்கு ஒருதரம் ஏதாவது ஒரு நாட்டில் நடக்கும். நடத்தியது தனியான ஒரு சின்ன அமைப்பு. சாய்னா, சிந்து ஆடுகிற போட்டிகளை நடத்தும் உலக பேட்மிண்டன் சம்மேளனம் இதைத் தன் குடைக்குள் கொண்டுவந்தது 2011-ல்தான். அதுவரை இந்த ஆட்டத்தை ஆடியவர்களுக்கு டிவி, ஸ்பான்ஸர் இத்யாதி எதுவும் பெரிதாகக் கிடையாது.

அந்த இருட்டிலேயே பாருலுக்கு 2009-ல் அர்ஜுனா விருது கிடைத்தது. வருடத்தைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். டோக்கியோவுக்குப் பன்னிரண்டு வருடம் முன்னால். பிற்பாடு டோக்கியோவில் அவருடைய இரட்டையர் ஜோடியாக ஆடப்போகிற பலக் கோலிக்கு அப்போது ஏழு வயது. பாருல் இதற்கிடையில் காந்திநகரிலேயே இந்திய விளையாட்டு ஆணையத்தில் பயிற்சியாளர் ஆகிவிட்டார். மத்தவங்களுக்குச் சொல்லிக் கொடுத்துக்கிட்டே தானும் போட்டிக்குத் தயாராகறது.

2014 அக்டோபர். பெர்லினில் கூடிய சர்வதேச பாராலிம்பிக் கமிட்டி, 2020 டோக்கியோவில் பேட்மிண்டன் உண்டு என்று முடிவெடுத்தது. பாருலுக்கு அப்போது 41 வயது. பொதுவாக அந்த வயதில் ஷட்டில்காரர்கள் வெட்டரன்ஸ் போட்டிக்குப் போய்விடுவார்கள், இல்லையென்றால் முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருப்பார்கள். இவருக்கு அந்த வயதில்தான் ஒரு கதவு திறக்கிற மாதிரி தெரிந்தது.

அதற்கப்புறம் அவர் ஆடிய ஆட்டத்தைப் பாருங்கள்.

2015 உலகப் போட்டி இங்கிலாந்தில் ஸ்டோக் மாண்டவில் என்ற இடத்தில் நடந்தது. பாரா விளையாட்டுக்காரர்களுக்கு அது கிட்டத்தட்ட புண்ணிய க்ஷேத்திரம். இரண்டாம் உலகப்போரில் தண்டுவடம் அடிபட்ட சிப்பாய்களுக்கு லுட்விக் குட்மன் என்ற டாக்டர் அங்கே இருந்த ஆஸ்பத்திரியில் வைத்தியம் பார்த்தார். 1948-ல் லண்டன் ஒலிம்பிக்ஸ் தொடங்கிய அன்றைக்கே அந்த ஆஸ்பத்திரி வளாகத்தில் சக்கர நாற்காலிக்காரர்களுக்கு ஒரு வில்வித்தைப் போட்டி வைத்தார். பாராலிம்பிக்ஸின் விதை அது. விளையாட்டையே வைத்தியமாக நினைத்த டாக்டர் அவர். டாக்டர் சொன்னதால் ஷட்டில் ஆடவந்த காந்திநகர்க்காரர் அந்த ஊரில்தான் எஸ்எல்3 ஒற்றையர் உலக சாம்பியன் ஆனார். வயது 42.

அடுத்தது 2017 நவம்பர், தென் கொரியாவின் உல்சான். இங்கே அவருக்கு ரெண்டு தங்கம். ஒற்றையர் பட்டத்தைத் தக்கவைத்தார். பெண்கள் இரட்டையரில் ஜப்பானின் அகிகோ சுகினோவோடு ஜோடி சேர்ந்து இறுதி ஆட்டத்தில் சீன ஜோடியை வென்றார். வயது 44. ஒரு உலகப் போட்டியில் ஒற்றையர், இரட்டையர் ரெண்டிலும் தங்கம் எடுப்பது எந்த வயதிலும் சாதாரண விஷயம் இல்லை. இவர் அதை நாற்பத்து நாலில் செய்தார்.

உல்சானுக்கு ரெண்டு மாசம் முன்னால் இன்னொரு விஷயம் நடந்துவிட்டிருந்தது.

2017 செப்டம்பரில் டோக்கியோவுக்கான போட்டிப் பட்டியல் வெளியானது. பேட்மிண்டனுக்கு மொத்தம் 14 போட்டிகள், 90 ஆட்டக்காரர்கள். ஆண்கள் ஒற்றையரில் ஆறு பிரிவும் இருந்தது. எஸ்எல்3 உட்பட. பெண்கள் ஒற்றையரில் நாலு பிரிவு மட்டும். விடுபட்டவை ரெண்டு: எஸ்எல்3, எஸ்ஹெச்6.

இது ஏன்? முதல் தடவை சேர்க்கிற ஆட்டத்துக்கு 90 இடம்தான். அந்த 90-ஐ எல்லாப் பிரிவுக்கும் பங்குபோட வேண்டும். உலக அளவில் எந்தப் பிரிவில் ஆட்கள் குறைவோ, எத்தனை நாட்டில் ஆடுகிறார்கள் என்ற கணக்கு எங்கே இடிக்கிறதோ, அங்கே கத்தி விழும். பெண்கள் பிரிவுகளில் ஆட்கள் குறைவு என்பது உண்மைதான். நிர்வாகக் கணக்காகப் பார்த்தால் அதில் ஒரு நியாயம் இருப்பதாகக்கூடத் தோன்றும்.

ஆனா யோசிச்சுப் பாருங்க. ஆட்கள் ஏன் குறைவு? பாராலிம்பிக்ஸ் இல்லாத பிரிவுக்கு எந்த நாடு காசு போடும்? எந்த அப்பா அம்மா பொண்ணை அனுப்புவாங்க? எந்த அரசாங்கம் வேலை கொடுக்கும்? ஆள் இல்லைன்னு போட்டி இல்லை, போட்டி இல்லைன்னு ஆள் இல்லை. இந்தச் சுத்துல மாட்டிக்கிறது யாருன்னா, எந்த ஆதாயமும் இல்லாத காலத்திலேயே வந்து ஆடிக்கிட்டு இருக்காரே, அவர்தான். பாருல் மாதிரி ஆள்.

பட்டியல் வந்த பிறகும் அவர் நிறுத்தவில்லை என்பதுதான் எனக்கு ஆச்சரியம். தன் பிரிவு டோக்கியோவில் இல்லை என்று தெரிந்த ரெண்டு மாசத்தில்தான் உல்சான் தங்கங்கள். அடுத்த வருடம், 2018 அக்டோபரில், ஜகார்த்தாவில் ஆசிய பாரா விளையாட்டு. இறுதி ஆட்டத்தில் தாய்லாந்தின் வாண்டீ கம்தமை 21-9, 21-5 என்று அடித்தார். ஸ்கோரைப் பாருங்கள், இறுதி ஆட்டம் என்றே சொல்ல முடியாது. 45 வயதில், ஆசிய அளவில், அவருக்குப் பக்கத்தில்கூட ஆள் இல்லை.

பக்கத்தில் ஆள் வந்தது வீட்டுக்குள்ளிருந்து.

மானசி ஜோஷி. 1989-ல் பிறந்தவர், பாருலை விடப் பதினாறு வயது இளையவர். மும்பையில் எலக்ட்ரானிக்ஸ் இன்ஜினீயரிங் படித்துவிட்டு சாஃப்ட்வேர் வேலையில் இருந்தார். 2011 டிசம்பரில் ஸ்கூட்டரில் ஆபீஸ் போகும்போது லாரி மோதி இடது காலை இழந்தார். செயற்கைக் காலோடு மறுபடி ஷட்டில் ஆட ஆரம்பித்து, 2015 உலகப் போட்டியில் கலப்பு இரட்டையரில் வெள்ளி எடுத்தார். உல்சானில் ஒற்றையர் வெண்கலம். அங்கே தங்கம் பாருல். ஜகார்த்தாவிலும் அப்படியே: பாருல் தங்கம், மானசி வெண்கலம். 2018-ல் ஹைதராபாத் கோபிசந்த் அகாடமிக்குப் பயிற்சிக்குப் போனார் மானசி.

2019 ஆகஸ்டில் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் உலகப் போட்டி. பாசல் என்றதும் உங்களுக்கு சிந்து ஞாபகம் வரும். ஒகுஹராவை 21-7, 21-7 என்று துவம்சம் செய்து உலக சாம்பியன் ஆனாரே, அதே ஊர், அதே வாரம். ரெண்டு உலகப் போட்டிகளையும் ஒரே இடத்தில் ஒன்றாக நடத்தியது அதுதான் முதல் தடவை. பாரா பிரிவில் எஸ்எல்3 பெண்கள் ஒற்றையர் இறுதி ஆட்டம் இந்தியாவுக்கும் இந்தியாவுக்கும். பாருல் எதிர் மானசி. 21-12, 21-7. மானசி ஜெயித்தார்.

மறுநாள் பேப்பரில் யார் இருந்தார்கள் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மானசி ஜெயித்ததே பலருக்கு சில நாள் கழித்துத்தான் தெரிந்தது, "இவரையும் கொஞ்சம் கவனிங்கப்பா" என்று இணையத்தில் ஆட்கள் குரல் கொடுத்த பிறகு. தோற்ற பாருலை அப்போதும் யாரும் தேடவில்லை. செய்திகளில் "நடப்பு சாம்பியனை வீழ்த்தினார்" என்று ஒரு வரி வந்தது. வீழ்ந்த அந்த நடப்பு சாம்பியனுக்கு 46 வயது, உலக வெள்ளிப் பதக்கம் வாங்கியிருக்கிறார் என்பதெல்லாம் அந்த வரிக்குள் அடங்கிப்போனது. தோல்வி என்றே வைத்துக்கொண்டாலும் முப்பது வயதுக்காரியிடம் நாற்பத்தாறில் இறுதி ஆட்டத்தில் தோற்பதைத் தோல்விக் கணக்கில் எழுத எனக்கு மனசு வரவில்லை.

அடுத்த வருடம் மானசியின் படம் டைம் பத்திரிகையின் ஆசியப் பதிப்பு அட்டையில் வந்தது. அவர் உருவத்தில் ஒரு பார்பி பொம்மை செய்தார்கள். பிபிசியின் 100 பெண்கள் பட்டியலில் வந்தார். அட்டைப்படம், பொம்மை எல்லாம் சரி. டோக்கியோ? ஒற்றையர் கிடையாது. இரட்டையர் வழியாகவும் இடம் கிடைக்கவில்லை. நடப்பு உலக சாம்பியன் டோக்கியோவை வெளியில் இருந்துதான் பார்த்தார்.

பாருலுக்கு ஒரு சந்து வழி கிடைத்தது. (அவருக்குத்தான் சந்துகள் பழக்கமாச்சே!) பெண்கள் இரட்டையரில் எஸ்எல்3 முதல் எஸ்யு5 வரை கலந்து ஒரு போட்டி டோக்கியோவில் இருந்தது. அதற்காக ஜலந்தரைச் சேர்ந்த பலக் கோலியோடு ஜோடி சேர்ந்தார். பலக் பிறந்தது 2002-ல். பாருல் பிறந்தது 1973-ல். 29 வருட வித்தியாசம். பலக்குக்குக் கையில் குறைபாடு, பாருலுக்குக் காலில். எட்டாத பந்துக்குச் சின்னவர் ஓட வேண்டியது, எங்கே போட வேண்டும் என்று பெரியவர் பார்த்துக்கொள்ள வேண்டியது. 2021 மே மாதத்தில் இந்த ஜோடிக்கு டோக்கியோ இடம் உறுதியானது. பாராலிம்பிக்ஸுக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண்கள் இரட்டையர் ஜோடி இவர்கள்தான்.

டோக்கியோ போனதும் ஒற்றையரிலும் ஆட வாய்ப்பு இருந்தது. ஆனால் ஆடினால் எஸ்எல்4-ல்தான் ஆட வேண்டும். பாதிப்பு குறைவாக உள்ளவர்களின் பிரிவு. முழுக் கோர்ட்டு.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பார்க்கணும். ஆயுசு முழுக்க முன்னும் பின்னும் மட்டுமே போய் ஆடிய ஒருவர். சர்வீஸ் நேரே எதிரில் போடுகிறவர். அவருடைய திறமை முழுக்க அந்தச் சந்தின் அளவுக்குப் பழகிய திறமை. அவரை 48 வயதில், போலியோ காலோடு, தன்னை விடக் கால் பலம் உள்ளவர்களுக்கு எதிராக, ரெண்டு மடங்கு அகலக் கோர்ட்டில் நிறுத்துகிறார்கள். பக்கவாட்டில் ஓட வேண்டும். குறுக்கே வரும் ஸ்மாஷை எடுக்க வேண்டும். இவரை இத்தனை வருடம் ஜெயிக்க வைத்த ஏமாற்று டிராப்பும் லிஃப்டும் அகலமான கோர்ட்டில் பாதி மதிப்புக்குக்கூடப் போகாது. ஏனென்றால் எதிராளி இவரை ஏமாற்ற வேண்டிய அவசியமே இல்லை, தள்ளி அடித்தால் போதும்.

அப்படித்தான் நடந்தது. ஒற்றையரில் சீனாவின் செங் ஹெஃபாங்கிடம் நேர் செட்டில் தோற்றார். செங் ஹெஃபாங்தான் அந்தப் பிரிவில் பிறகு தங்கம் வாங்கியவர். இரட்டையரிலும் பாருல் - பலக் ஜோடி குழு ஆட்டங்களைத் தாண்டவில்லை. பாராலிம்பிக்ஸ் பதிவேட்டில் பாருல் பர்மார் என்ற பெயருக்கு எதிரில் இருப்பது இவ்வளவுதான். வெறும் முடிவுகளை மட்டும் பார்க்கிறவர்களுக்கு, வந்தார் தோற்றார் போனார் என்றுதான் தெரியும்.

அதே வாரம் அதே அரங்கத்தில் நடந்த இன்னும் ரெண்டு விஷயத்தைச் சேர்த்துப் பாருங்கள். பிரமோத்தும் மனோஜும் எஸ்எல்3 பாதிக் கோர்ட்டில் தங்கமும் வெண்கலமும் எடுத்தார்கள். அவர்களுக்கு யாரும் எஸ்எல்4-ல் போய் ஆடு என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அந்த ரெண்டு பதக்கமும் வந்திருக்குமா என்பது சந்தேகம். இன்னொன்று, கலப்பு இரட்டையர் வெண்கலத்துக்கான ஆட்டத்தில் பிரமோத் - பலக் ஜோடியைத் தோற்கடித்தது ஜப்பானின் ஃபுஜிஹரா - சுகினோ ஜோடி. சுகினோ என்றால் அதே அகிகோ சுகினோ. உல்சானில் பாருலோடு சேர்ந்து உலகத் தங்கம் எடுத்தவர்.

பாருல் இதைப் பற்றி எங்கேயாவது சண்டை போட்டிருந்தால் இன்னும் கொஞ்சம் பேர் வெளியில் வந்திருக்குமோ என்னமோ. நம்ம நாட்டில் பதக்கம் வாங்கினாலோ சர்ச்சையில் சிக்கினாலோதான் ஸ்போர்ட்ஸ் பேஜில் இடம். ரெண்டும் இல்லாமல் முப்பது வருடம் ஆடினால் அர்ஜுனா விருதுப் பட்டியலில் ஒரு பெயராக இருக்கலாம்.

டோக்கியோ முடிந்து பாரிஸ் வந்தது. 2024. பேட்மிண்டனுக்கு 120 ஆட்டக்காரர்கள், 16 போட்டிகள். பெண்கள் ஒற்றையரில் இப்போது ஆறு பிரிவும் உண்டு. எஸ்எல்3-ஐயும் எஸ்ஹெச்6-ஐயும் சேர்த்துவிட்டார்கள். ஆள் இல்லை, ஆள் இல்லை என்று பட்ட சந்தேகத்துக்குப் பதில் அந்தப் பதக்க மேடையிலேயே இருந்தது. எஸ்எல்3-ல் தங்கம் சீனாவின் ஷியாவ் ஜூஷியான், வெள்ளி இந்தோனேசியாவின் கொனிதா, வெண்கலம் நைஜீரியாவின் எனியோலா பொலாஜி. பாரா பேட்மிண்டனில் ஆப்பிரிக்காவுக்கு வந்த முதல் பாராலிம்பிக் பதக்கம் அது. டோக்கியோவில் மூடி வைத்திருந்த அதே பிரிவில்!

இந்தியாவில் இருந்து அந்தப் பிரிவில் ஆடியவர்கள் மானசி ஜோஷியும் மன்தீப் கௌரும். மானசி குழு ஆட்டத்தோடு வெளியேறினார். ரெண்டு ஆட்டத்திலும் முதல் செட்டை ஜெயித்து, மூன்று செட் வரை போய்த் தோற்றார். ஒன்றில் மூன்றாவது செட் 21-23. பாசலில் ஜெயித்து ஐந்து வருடம் ஆகியிருந்தது. மன்தீப் கால் இறுதியில் பொலாஜியிடம் தோற்றார்.

இந்திய பாரா பேட்மிண்டன் அணியில் 13 பேர் பாரிஸ் போனார்கள். பாருல் அதில் இல்லை. அவருக்கு அப்போது 51 வயது.

கொசுறு: பாரிஸில் எஸ்ஹெச்6 பெண்கள் ஒற்றையரும் புதுசு என்றேன் இல்லையா, அதில் வெண்கலம் வாங்கியவர் நம்ம ஓசூர் நித்யஸ்ரீ சிவன். டோக்கியோ பட்டியலே பாரிஸிலும் தொடர்ந்திருந்தால் அந்தப் பதக்கம் கிடையாது. அதே பாரிஸில் எஸ்எல்3 - எஸ்யு5 பெண்கள் இரட்டையரைப் பட்டியலில் இருந்து எடுத்துவிட்டார்கள், பாருல் டோக்கியோ போனாரே, அதே போட்டியை. 2023 அக்டோபரில் ஹாங்சோ ஆசிய பாரா விளையாட்டில் அந்தப் போட்டியில் வெள்ளி வாங்கியிருந்த ஜோடி மானசி ஜோஷியும் காஞ்சிபுரம் துளசிமதி முருகேசனும். துளசிமதி பாரிஸில் எஸ்யு5 ஒற்றையரில் வெள்ளி வாங்கினார். கலப்பு இரட்டையரில் நிதேஷ் குமாரோடு ஆடினார். மானசியோடு ஆட அங்கே போட்டி இல்லை.